கருப்பை இறக்கத்துக்கான அறுவை சிகிச்சை: தையல் எதில் போய்ப் பிடிக்கிறது?

அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக்கில் 114 பெண்களை வைத்து நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2001-இல் வெளியானது. எல்லோருக்கும் யோனியின் முன்சுவர் தளர்ந்து, அதோடு சேர்ந்து சிறுநீர்ப்பையும் கீழே சரிந்திருந்தது. அவர்களை மூன்று குழுவாகப் பிரித்து மூன்று விதமாகத் தைத்தார்கள். முதல் குழுவுக்கு வழக்கமான நடுக்கோட்டுத் தையல். இரண்டாவது குழுவுக்கு அதே தையலோடு, தானாகக் கரையும் வலைத்துண்டு ஒன்று. மூன்றாவது குழுவுக்குப் பக்கவாட்டில் எட்டும் மட்டும் போய்த் திசுவைப் பிடித்து, நடுவுக்கு இழுத்துக் கட்டும் தையல். ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது வெற்றி என்று குறிக்கப்பட்டவர்கள் முறையே 30, 42, 46 சதவீதம். மூன்று எண்களுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கக்கூடிய அளவுதான்.

ஆனால் அந்த 30 என்ற எண் தனியே பயணம் போனது. பத்தில் ஏழு பேருக்குப் பழைய தையல் தோற்கிறது, சொந்தத் திசுவை நம்பிப் பயனில்லை, செயற்கை வலை வைத்தால்தான் நிற்கும் என்ற வாதத்துக்கு அது பெரிய துணையாக இருந்தது.

பத்து வருடம் கழித்து, 2011-இல், அதே ஆய்வின் தரவுகளை எடுத்து மறுபடி கணக்கிட்டார்கள். முதல் கணக்கில், யோனி வாசலுக்கு ஒரு சென்டிமீட்டர் உள்ளே வரை சுவர் இறங்கியிருந்தாலே தோல்வி. மறு கணக்கில் கேட்டது வேறு: சுவர் வாசலைத் தாண்டி வெளியே வருகிறதா, ஏதோ தள்ளுகிறது என்று அந்தப் பெண் உணர்கிறாரா, மறுபடி அறுவை சிகிச்சை தேவைப்பட்டதா? இப்படிப் பார்த்தபோது ஓராண்டு முடிவில் 88 சதவீதம் பேர் தேறினார்கள். மூன்று தையலுக்கும் இடையே அப்போதும் வித்தியாசம் தெரியவில்லை.

அதே பெண்கள், அதே ஊசி, அதே நூல். அளவுகோல் மாறியிருக்கிறது, பார்த்த காலமும் கொஞ்சம் முந்தியது. எந்தத் தையல் சிறந்தது என்று சொல்லும் எந்த ஆய்வைப் படித்தாலும் வெற்றி என்று அங்கே எதை எண்ணினார்கள் என்பதை முதலில் தேட வேண்டும். பல பெண்களின் அறுவை சிகிச்சை முடிவுகள் இப்படிப்பட்ட எண்களின் மேல்தான் எடுக்கப்பட்டன என்பதால் இதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

இறங்குவது எது, தாங்குவது எது

"கர்ப்பப்பை இறங்கிவிட்டது" என்றுதான் வீட்டில் பேசிக்கொள்வார்கள். இறங்குவது கருப்பை மட்டும் என்று இல்லை. முன்சுவரோடு சிறுநீர்ப்பை வரலாம். பின்சுவரோடு மலக்குடல் வரலாம். கருப்பையை ஏற்கெனவே எடுத்துவிட்டவர்களுக்கு யோனியின் உச்சியே உட்புறம் வெளிப்புறமாகத் திரும்பி இறங்கிவிடும். ஒருவருக்கு இவற்றில் ஒன்று இருக்கலாம், எல்லாமும் சேர்ந்தும் இருக்கலாம்.

இந்த உறுப்புகளை எது தாங்குகிறது என்பதை மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜான் டிலான்சி 1992-இல் தெளிவாக வரைந்து காட்டினார். அவர் தாங்கலை மூன்று மட்டமாகப் பிரித்தார். மேல் மட்டத்தில், கருப்பை வாயிலிருந்தும் யோனி உச்சியிலிருந்தும் பின்னோக்கி முதுகெலும்பின் அடியில் இருக்கும் சேக்ரம் எலும்பை நோக்கிப் போகும் யூட்டரோசேக்ரல் நார்களும், பக்கவாட்டில் விரியும் கார்டினல் நார்களும் இருக்கின்றன. நடு மட்டத்தில் யோனியின் இரண்டு பக்கமும் இடுப்புக்கூட்டின் உட்சுவரோடு ஒட்டியிருக்கிறது. கீழ் மட்டத்தில், வாசலைச் சுற்றியுள்ள தசையும் நார்த்திசுவும் அதை இறுக்கிப் பிடிக்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் அடியில் லெவேட்டர் ஏனை என்ற தசைத்தளம் வாசலை மூடியபடி பாரத்தின் பெரும்பகுதியைச் சுமக்கிறது.

பிரசவத்தில், குறிப்பாக ஆயுதம் போட்டு எடுத்த பிரசவத்தில், இந்தத் தசை எலும்பிலிருந்து பிய்ந்துபோவது உண்டு. பிய்ந்த தசையைத் திரும்ப ஒட்டவைத்து நிலையாகப் பலன் தரும் தையல் இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு மேலே எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் மீண்டும் இறங்கும் வாய்ப்பு கூடுதல். தையல்களை ஒப்பிடும் பேச்சில் இந்தத் தசை அடிக்கடி விடுபட்டுப்போகிறது.

மேல் மட்டத்தின் முக்கியத்துவத்தைப் புரிந்துகொள்ள, பழைய வீடுகளில் விட்டத்தில் தொங்கிய உறியை நினைத்துக்கொள்ளலாம். விட்டத்தில் போட்ட முடிச்சு தளர்ந்தால் பானை தாழ்ந்துவிடும். கீழே இருக்கும் பின்னலை எவ்வளவு இறுக்கினாலும் பானை மேலே ஏறாது. யோனியின் முன்சுவரும் அப்படித்தான். முன்சுவர் இறங்கியிருப்பதில் ஏறக்குறைய பாதி, உச்சி இறங்கியதன் விளைவு என்று டிலான்சியின் குழுவே 2006-இல் அளந்து காட்டியது.

இது அறுவை சிகிச்சையில் எப்படி வெளிப்படுகிறது என்பதற்கு, அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் பதிவுகளிலிருந்து 2013-இல் வந்த கணக்கு ஒன்று உண்டு. முன்சுவரை மட்டும் தைத்தவர்களில் பத்து வருடத்துக்குள் மறுபடி அறுவைக்கு வந்தவர்கள் 20.2 சதவீதம். முன்சுவரைத் தைக்கும்போதே உச்சியையும் தூக்கிக் கட்டியவர்களில் 11.6 சதவீதம். நூலை மாற்றியோ முடிச்சை மாற்றியோ இவ்வளவு பெரிய வித்தியாசத்தை நான் எந்த ஆய்விலும் பார்த்ததில்லை. கண்ணுக்குத் தெரிந்து வெளியே தள்ளுவது முன்சுவர் என்பதால் அதை மட்டும் தைத்து அனுப்பும் வழக்கம் பல இடங்களில் நீடிக்கிறது. உச்சியைப் பரிசோதித்தீர்களா என்று நோயாளி கேட்பதில் தவறே இல்லை.

நூல் எத்தனை நாள் உழைக்கிறது

தையல் என்பது தற்காலிக வேலைக்காரன். திசுவையும் திசுவையும் அருகருகே பிடித்து வைத்தால் நடுவில் தழும்பு வளரும். பிறகு பாரத்தைத் தாங்க வேண்டியது அந்தத் தழும்புதான். காயம் ஆறுவது பற்றிய பாடநூல் கணக்குப்படி, மூன்றாவது வாரத்தில் தழும்புக்கு வந்திருப்பது பழைய பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. மூன்று மாதத்தில் ஏறக்குறைய 80 சதவீதம். அதற்குமேல் பெரிதாகக் கூடுவதில்லை.

இதோடு நூல்களின் கணக்கை வைத்துப் பார்க்க வேண்டும். முன்பு பயன்பட்ட கேட்கட், விலங்குக் குடலிலிருந்து செய்தது. அது எப்போது பலம் இழக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இன்று அதிகமாகக் கையில் எடுக்கப்படும் விக்ரில், அதாவது பாலிகிளாக்டின், இரண்டு வாரத்தில் முக்கால் பங்கு பலத்தோடும், மூன்று வாரத்தில் பாதியோடும், நான்கு வாரத்தில் கால் பங்கோடும் இருக்கும். இரண்டு மாதம் தாண்டினால் கரைந்துபோயிருக்கும். பிடிஎஸ் என்று அழைக்கப்படும் பாலிடையாக்சனோன் ஒற்றை இழை நூல். ஆறு வாரத்திலும் பாதிக்கு மேல் பலம் வைத்திருக்கும். முழுதாகக் கரைய ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். புரோலீன், எத்திபாண்ட், கோர்டெக்ஸ் போன்றவை கரையவே கரையாதவை.

விக்ரில் நான்காவது வாரத்தில் கைவிடும்போது தழும்பு இன்னும் பாதிப் பலத்தைக்கூட எட்டியிருக்காது. அந்த இடைவெளிதான் மெதுவாகக் கரையும் நூலுக்கு ஆதரவான வாதம். ஸ்வீடனின் தேசிய அறுவைப் பதிவேட்டிலிருந்து 2016-இல் வந்த ஆய்வு இந்த வாதத்துக்கு ஓரளவு பக்கபலம் தருகிறது. முன்சுவரில் மெதுவாகக் கரையும் நூல் போட்டவர்களுக்கு, ஓராண்டில் மீண்டும் தள்ளுவது போன்ற உணர்வு குறைவாக இருந்தது. பின்சுவரில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. இது சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு இல்லை. எந்த மருத்துவர் எந்த நூலைத் தேர்ந்தெடுத்தார் என்பதற்குள் வேறு காரணங்கள் ஒளிந்திருக்கலாம். ஆனாலும் பாடநூல் சொல்வதும் பதிவேடு சொல்வதும் ஒரே திசையில் இருப்பதால், முன்சுவருக்கு விலை கூடினாலும் மெதுவாகக் கரையும் நூலே சரி என்று எனக்குப் படுகிறது.

அப்படியானால் கரையாத நூலே போட்டுவிடலாமே என்று தோன்றும். சிக்கல் யோனியின் மெல்லிய தோலில் இருக்கிறது. கரையாத நூல் தோலைத் துளைத்து வெளியே எட்டிப்பார்க்கும். அந்த இடத்தில் சிவந்த புண்சதை வளரும். வெள்ளைப்படுதல், துளித்துளியாக ரத்தம், உறவின்போது கணவருக்கு ஏதோ குத்துவது போன்ற உணர்வு, இவைதான் அறிகுறிகள். பல இழை சேர்த்துப் பின்னிய நூலில் இது அதிகம், கிருமியும் அதன் இடுக்கில் தங்கும். பெரும்பாலும் வெளிநோயாளர் பிரிவிலேயே வெட்டி எடுத்துவிடலாம் என்பது ஆறுதல். அதனால் அனுபவமுள்ளவர்கள் கரையாத நூலைச் சுவரின் தசைநார்ப் படலத்தோடு நிறுத்தி, தோலுக்கு வெளியே வராமல் புதைக்கிறார்கள். தோலைக் கடந்து வர வேண்டிய தையலுக்குக் கரையும் நூலை வைத்துக்கொள்கிறார்கள்.

வயிற்றின் வழியாக வலை வைத்து யோனி உச்சியைச் சேக்ரம் எலும்போடு இணைக்கும் அறுவையிலும் இதே கேள்வி வந்தது. வலையை யோனியோடு பிணைக்க கோர்டெக்ஸா, பிடிஎஸ்ஸா? அமெரிக்காவில் 200 பெண்களிடம் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், ஓராண்டில் வலையோ நூலோ வெளியே தெரிவது இரண்டு குழுவிலும் ஏறக்குறைய ஒரே அளவு. கரையும் நூல் போட்டதால் வலை கழன்று விழவும் இல்லை.

உச்சியை எங்கே கட்டுவது

விவாதத்தின் மையம் இதுதான். யோனி வழியாக, வலை இல்லாமல், உச்சியைத் தூக்கிக் கட்ட இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று யூட்டரோசேக்ரல் நாரில் கட்டுவது. மற்றது சேக்ரோஸ்பைனஸ் நாரில் கட்டுவது. இரண்டுக்கும் எதிரிகள் வேறு வேறு.

யூட்டரோசேக்ரல் நார், இயற்கையாக அந்த உறுப்பைத் தாங்கும் நார்தான். 1957-இல் மெக்கால், கருப்பையை எடுத்தபின் இரண்டு பக்க நார்களையும் நடுவில் சேர்த்துத் தைத்து, உச்சியை அதோடு பிணைக்கும் முறையை எழுதினார். பிறகு தையலின் இடம் மேலே போனது. 2000-இல் ஷல் குழு 302 பெண்களின் முடிவுகளை வெளியிட்டபின், இடுப்புக்கூட்டின் உட்பக்கம் முள் போல நீட்டியிருக்கும் எலும்பு முனையின் (இடுப்பு முள் எலும்பு) மட்டத்திலோ அதற்கு மேலோ நாரைப் பிடிக்கும் உயர்தையல் பரவலானது. இதன் அழகு, யோனி தன் இயல்பான திசையில், நடுவில் நிற்கும். நீளமும் குறையாது.

எதிரி சிறுநீரகக் குழாய். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் யூரிட்டர் இந்த நாரை ஒட்டியே இறங்குகிறது. உடற்கூற்றில் அளந்தவர்கள் சொல்லும் இடைவெளி, கருப்பை வாய் அருகே 0.9 சென்டிமீட்டர், நடுப்பகுதியில் 2.3, சேக்ரம் அருகே 4.1. மேலே போகப் போகக் குழாய் விலகுகிறது, ஆனால் அங்கே சேக்ரத்திலிருந்து வரும் நரம்புகள் நாருக்குப் பின்னால் கிடக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் பாதுகாப்பான இடம் நாரின் நடுப்பகுதி. அதே ஆய்வில் அந்தப் பகுதி 17 கிலோவுக்கு மேல் பாரம் தாங்கியது. ஆக, அரை அங்குலம் இடம் மாறினால் பலன் வேறு, ஆபத்து வேறு.

தையல் பெரும்பாலும் குழாயைத் துளைப்பதில்லை. பக்கத்துச் சவ்வை இழுத்துக் குழாயை மடக்கிவிடும். சிறுநீர் இறங்காது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, முடிச்சைப் போட்டதும் சிறுநீர்ப்பைக்குள் சிஸ்டோஸ்கோப் என்ற உள்நோக்குக் குழாயை விட்டு, இரண்டு குழாய் வாயிலிருந்தும் சிறுநீர் பீறிடுகிறதா என்று பார்ப்பது. வரவில்லை என்றால் அந்தப் பக்கத்துத் தையலை அங்கேயே வெட்டிவிட வேண்டும். வெட்டினால் பெரும்பாலும் அப்போதே சரியாகிவிடும். பார்க்காமல் விட்டால், சில நாள் கழித்து விலாவில் வலியோடும் காய்ச்சலோடும் தெரியவரும், சில சமயம் சிறுநீரகம் சத்தமில்லாமல் கெட்டுப்போகும். சிஸ்டோஸ்கோப் இல்லாத இடத்தில் உயர்தையல் போடக்கூடாது என்பதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

சேக்ரோஸ்பைனஸ் முறை வேறு தர்க்கம். இடுப்பு முள் எலும்பிலிருந்து சேக்ரத்துக்குப் போகும் இந்த நார் கயிறு போல உறுதியானது. பிரசவத்தில் தளர்ந்த நாரை நம்புவதற்குப் பதில், தளராத ஒன்றைத் தேடிப் போகிறார்கள். 1958-இல் செடெர்ல் எழுதியதை, ஜெர்மனியில் ரிக்டர் 1968-இல் விரிவாக்கினார். 1970-களில் ராண்டலும் நிக்கோல்ஸும் அமெரிக்காவில் பரப்பினார்கள். வயிற்றுக்குள் நுழையவே தேவையில்லை என்பதால், முன்பு பல அறுவை ஆகி உள்ளே ஒட்டிக்கிடக்கும் பெண்களுக்கு இது வசதி. கருப்பை எடுத்தபின் உச்சி இறங்கியவர்களுக்கும் கைகொடுக்கும்.

ஆனால் அந்த நார் ஆழத்தில் இருக்கிறது. கண்ணால் பார்ப்பதைவிட விரலால் தடவியே பெரும்பாலும் இடம் அறிகிறார்கள். வளைந்த டெஷாம்ப் ஊசி, மியா கொக்கி, ஒரே அழுத்தில் நூலைக் கோத்து எடுக்கும் கேப்பியோ போன்ற கருவிகள் எல்லாம் இந்த எட்டாத ஆழத்துக்காக வந்தவை. முள் எலும்புக்கு நேர் பின்னால் புடெண்டல் நரம்பும் ரத்தக் குழாய்களும் போகின்றன. அதனால் முள் எலும்பிலிருந்து ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, நாரின் முழுக் கனத்தையும் துளைக்காமல் தைக்க வேண்டும். மலக்குடல் இடப்பக்கம் சாய்ந்திருப்பதால் வலப்பக்கம் மட்டும் கட்டுவது வழக்கம்.

இதன் விலை புட்டத்தில் வலி. பலருக்கு முதல் சில வாரம் இருந்து, ஆறு வாரத்துக்குள் அடங்கிவிடும். மயக்கம் தெளிந்ததுமே புட்டத்திலிருந்து காலின் பின்புறமாகச் சுரீர் என்று இறங்கும் கடும் வலி இருந்தால் அது வேறு. நரம்பு தையலுக்குள் மாட்டியிருக்கலாம். வலி மாத்திரை கொடுத்துப் பார்ப்போம் என்று நாள் கடத்தாமல் அந்தத் தையலை உடனே எடுக்க வேண்டும். நோயாளியும் உடன் இருப்பவரும் இதை அறிந்திருப்பது நல்லது, ஏனென்றால் "ஆபரேஷன் வலிதானே, போகும்" என்று பொறுத்துக்கொள்வதுதான் நம் பெண்களின் இயல்பு. இன்னொரு விலையும் உண்டு. உச்சி பின்னோக்கிச் சாய்வதால் முன்சுவர் மேல் பாரம் விழுந்து, பிறகு முன்சுவரே இறங்கக்கூடும்.

இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திய பெரிய ஆய்வு ஆப்டிமல். அமெரிக்காவில் ஒன்பது மையங்கள், 374 பெண்கள், 2014-இல் முடிவு. இரண்டு வருட வெற்றி, யூட்டரோசேக்ரலுக்கு 59.2 சதவீதம், சேக்ரோஸ்பைனஸுக்கு 60.5 சதவீதம். வித்தியாசமே இல்லை. யூரிட்டர் அடைப்பு முதல் குழுவில் 3.2 சதவீதம், இரண்டாவதில் ஒருவருக்கும் இல்லை. நரம்பு வலி முதல் குழுவில் 6.9, இரண்டாவதில் 12.4 சதவீதம்.

வெற்றி 60 சதவீதம்தானா என்று மனம் சோரும். இங்கே வெற்றி என்றால் உடற்கூறு, உணர்வு, மறுசிகிச்சை என்று மூன்றிலும் ஒருசேரத் தேற வேண்டும். தனித்தனியே பார்த்தால், தொல்லை தரும் அளவுக்குத் தள்ளுவதாக உணர்ந்தவர்கள் 18 சதவீதம். மறுசிகிச்சைக்குப் போனவர்கள் 5.1 சதவீதம். ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்து 2018-இல் எழுதியபோது படம் கடினமாக இருந்தது. ஒட்டுமொத்தத் தோல்வி யூட்டரோசேக்ரலில் 61.5 சதவீதம், சேக்ரோஸ்பைனஸில் 70.3 சதவீதம். அப்போதும் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் உறுதியாகவில்லை. ஆனால் பெண்களிடம் கேட்டு எடுத்த அறிகுறி மதிப்பெண்கள், அறுவைக்கு முன் இருந்ததைவிட வெகுவாக மேம்பட்ட நிலையிலேயே நின்றன. காலம் போகப் போகச் சுவர் தளர்கிறது, ஆனால் அந்தத் தளர்ச்சி எல்லோருக்கும் தொல்லையாக மாறுவதில்லை. சிகிச்சைக்கு முன் இந்த இரண்டு உண்மையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால் பயமோ ஏமாற்றமோதான் மிஞ்சும்.

ஆகவே இந்த இரண்டு தையலில் எது சிறந்தது என்பதற்கு ஆய்வு பதில் சொல்லிவிட்டது: சமம். தேர்வைத் தீர்மானிப்பது அந்தப் பெண்ணின் உடலும், அந்த மருத்துவரின் கை எதில் பழகியிருக்கிறது என்பதும்தான்.

கருப்பையை எடுக்கத்தான் வேண்டுமா

நம் ஊரில் இறக்கம் என்றாலே கருப்பையை யோனி வழியாக எடுத்து, முன்சுவரையும் பின்சுவரையும் தைத்துவிடுவது பல காலமாக நடக்கிறது. இறங்கிய கருப்பை நோயின் காரணம் இல்லை. தாங்கிய நார் தளர்ந்தது, அது இறங்கியது, அவ்வளவுதான். நெதர்லாந்தில் இதை அக்கறையோடு சோதித்திருக்கிறார்கள். கருப்பையை வைத்துக்கொண்டே சேக்ரோஸ்பைனஸ் நாரில் கட்டுவதையும், கருப்பையை எடுத்து யூட்டரோசேக்ரலில் கட்டுவதையும் 208 பெண்களிடம் ஒப்பிட்ட ஆய்வு 2015-இல் வந்தது. ஓராண்டில், கருப்பையை வைத்துக்கொண்ட முறை எந்த விதத்திலும் குறைந்ததாக இல்லை.

அதைவிட எனக்கு வியப்பளித்தது 2023-இல் வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மான்செஸ்டரில் ஆர்ச்சிபால்ட் டொனால்ட் தொடங்கி, ஃபாதர்கில் திருத்திய பழைய அறுவை ஒன்று உண்டு. கருப்பை வாயின் நீண்ட பகுதியை வெட்டி, கார்டினல் நார்களை முன்னால் கொண்டுவந்து சேர்த்துத் தைப்பார்கள். காலாவதியானது என்று பலரும் கைவிட்ட முறை. நெதர்லாந்தின் 26 மருத்துவமனைகளில் 434 பெண்களிடம் அதையும் சேக்ரோஸ்பைனஸையும் மோதவிட்டார்கள். இரண்டு வருட வெற்றி, மான்செஸ்டருக்கு 87.3 சதவீதம், சேக்ரோஸ்பைனஸுக்கு 77 சதவீதம். ஒரு நிபந்தனையை மறக்கக் கூடாது: கருப்பை வாய் வாசலைத் தாண்டி வெளியே வராதவர்கள் மட்டுமே அந்த ஆய்வில் இருந்தார்கள். முழுதாக வெளியே வந்த நிலையில் நம் மருத்துவமனைகளுக்கு வருபவர்களுக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது.

பிள்ளைப்பேறு முடியாத இளம்பெண்களுக்கு வரும் இறக்கத்துக்கு இந்தியாவிலேயே நல்ல சிந்தனை நடந்திருக்கிறது. மும்பையின் ஷிரோட்கர், கருப்பை வாயின் பின்புறத்தை நாடாவால் சேக்ரத்தோடு இணைத்தார். புரந்தரே முறை கருப்பை வாயை வயிற்றின் முன்சுவரோடு கட்டியது.

பின்சுவரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நடுக்கோட்டில் சேர்த்துத் தைப்பதும், கிழிந்த இடத்தை மட்டும் தேடித் தைப்பதும் ஏறக்குறைய ஒரே பலன் தருகின்றன, ஒட்டுத்துண்டு வைத்ததால் கூடுதல் பயன் கிடைக்கவில்லை. செய்யக்கூடாதது ஒன்று உண்டு. இறுக்கமாக இருக்கட்டும் என்று இரண்டு பக்க லெவேட்டர் தசையையும் நடுவில் இழுத்துக் கட்டினால், அதன்பின் தாம்பத்தியம் வேதனையாகிவிடும். வயதானவர்கள்தானே என்று கேட்காமலே அப்படிக் கட்டுவது அநீதி.

வலையின் கதை பலருக்கும் தெரிந்ததே. பிரிட்டனில் 1,300-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த பிராஸ்பெக்ட் ஆய்வு, முதல்முறை சுவர் தையலில் வலையோ ஒட்டுத்துண்டோ சேர்த்ததால் பெண்களுக்கு நன்மை கூடவில்லை என்று 2017-இல் காட்டியது. பலருக்கு வலை வெளியே வந்தது. 2019 ஏப்ரலில் அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் எஃப்டிஏ, இறக்கத்துக்காக யோனி வழி வைக்கும் வலைகளின் விற்பனையை நிறுத்தச் சொன்னது. வயிறு வழியாக வைக்கும் வலை தொடர்கிறது. அதிலும் ஏழு வருடத்தில் பத்தில் ஒருவருக்கு வலை அரித்து வெளிவரலாம் என்ற கணக்கு உண்டு.

தைத்தபின்

செங்கல்பட்டுப் பகுதியில் கிராமப்புறப் பெண்களோடு வேலை செய்யும் ரூவ்செக் அமைப்பு, 1990-களில் கருப்பை இறக்கத்தோடு வாழும் பெண்களிடம் பேசி அவர்களுடைய அனுபவத்தைப் பதிவு செய்தது. தண்ணீர்க் குடம், விறகு, நடவு என்று அடிவயிற்றின் பாரம் ஒரு நாளும் இறங்காத வாழ்க்கை நம் கிராமத்துப் பெண்களுடையது. அப்படிப்பட்ட ஒருவரிடம் "மூன்று மாதம் எதையும் தூக்காதே" என்று சொல்லி அனுப்புவது, பல வீடுகளில் நிறைவேற்ற முடியாத கட்டளை. சிகிச்சையையே தள்ளிப்போட அதுவும் ஒரு காரணம் ஆகிறது.

அந்தக் கட்டளைக்குப் பின்னால் இருக்கும் சான்று நாம் நினைத்த அளவுக்குக் கெட்டியாக இல்லை. இறக்க அறுவைக்குப் பின் எடை தூக்கத் தடை போட்டவர்களையும், உடம்பு ஒத்துழைக்கும் அளவுக்கு வழக்கமான வேலைகளுக்குத் திரும்பலாம் என்று விட்டவர்களையும் ஒப்பிட்டு 2023-இல் வந்த அமெரிக்க ஆய்வில், மூன்று மாத முடிவில் தடையில்லாத குழு பின்தங்கவில்லை. அந்த ஆய்வுக்கு வந்த பெண்கள் நாற்று நடுபவர்கள் இல்லை, மூன்று மாதம் என்பதும் குறுகிய காலம்தான். அதனால் நூல் பலம் இழந்து தழும்பு இன்னும் முதிராத முதல் ஆறு வாரமாவது பெரிய பாரத்தைத் தள்ளிவைப்பது நியாயம் என்றே நினைக்கிறேன். நடப்பது, மாடி ஏறுவது, சமைப்பது ஆகியவற்றுக்குப் பயந்து படுத்துக்கிடக்க வேண்டியதில்லை.

தையலுக்கு அதைவிடப் பெரிய பகை நாள்பட்ட இருமலும் மலச்சிக்கலும். ஒவ்வொரு இருமலும், ஒவ்வொரு முக்கலும் ஆறாத தழும்பின் மேல் நேராக விழுகிறது. ஆஸ்துமாவையும் மலச்சிக்கலையும் அறுவைக்கு நாள் குறிப்பதற்கு முன்பே கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். அது முடியாத உடல்நிலை என்றால் யோனிக்குள் வைத்து உறுப்பைத் தாங்கும் பெஸரி வளையம் வைத்துக்கொண்டு காத்திருக்கலாம். வளையம் பொருந்தி நிம்மதியாக இருக்கும் பெண்ணை எந்தத் தையலுக்கும் அவசரப்படுத்தத் தேவையில்லை.